மாவு மூட்டை அடுக்கிய கதவு

புசல்லாவையிலிருந்து காலையில் வரும் பஸ், கம்பளையை எட்டுவதற்குக் கொஞ்சத் தூரம் முன்னால் ஒரு வளைவில் நிற்கும். நிறுத்தம் என்று பலகை கிடையாது. அங்கே பதினாறு பெண்கள் இறங்குவார்கள் என்று கண்டக்டருக்குத் தெரியும், அவ்வளவுதான். இறங்கினால் கொதிக்கிற எண்ணெயும் மிளகாய்த்தூளும் சேர்ந்த நெடி மூக்கில் ஏறும். ராஜரத்தினத்தின் முறுக்கு, மிக்சர் பேக்டரி அங்கேதான் இருந்தது.

"சின்னம்மா, சோத்துப் பைய எடுத்தீங்களா? நேத்து மாதிரி பஸ்ஸுக்குப் படையல் போட்டுட்டு வராதீங்க" என்றாள் சுதர்சினி.

"போடி. அந்தக் கண்டக்டர் எளைச்சுப் போய்க் கெடக்கான், தின்னுட்டுப் போகட்டும்" என்றாள் வேலாயி.

வேலாயி, சுதர்சினியின் தாய்க்குத் தங்கை. இருபத்தாறு வருடம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். முழங்கால் இரண்டும் மலை ஏற மறுத்த பிறகு, முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளை முறுக்கைப் பொட்டலம் கட்டும் பக்கற் போடும் வேலைக்குச் சேர்த்துவிட்டது சுதர்சினிதான். சுதர்சினி அங்கே சுப்பர்வைசர். வேலாயியின் புருசன் போய்ச் சேர்ந்து எட்டு வருடம். மகள் சுகிர்தா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு இந்த முறுக்குப் பக்கற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ராஜரத்தினத்தைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அவரும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்தான். கம்பளை ஸ்டேசனில் வடை விற்றுத் தொடங்கி, கட்டடம் கட்டி, பெண்களுக்கு வேலை கொடுத்தவர். ஆனால் அந்தக் கட்டடத்தை அவர் கட்டிய விதம் இருக்கிறதே! முன்னால் ஒரு இரும்புச் சட்டர், அதுதான் வாசல். அதற்கு உள்ளே காஸ் அடுப்புகள். அடுப்புகளைத் தாண்டிப் போனால் பக்கற் போடும் அறை. அந்த அறையில் ஒரு பின்கதவு உண்டு. மாவு வைக்கத் தனி இடம் இல்லாததால், கதவை மறைத்துக் கூரைவரை மாவு மூட்டை அடுக்கியிருந்தார்கள். அங்கே ஒரு கதவு இருப்பதையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் தொழிற்சாலைப் பரிசோதகர் பாயிஸ் வந்தார். கண்டிக்காரர், பேச்சு மென்மை, கண் மட்டும் கூர்மை. நேரே மூட்டைகளுக்கு முன்னால் போய் நின்றார்.

"இதுக்குப் பின்னால என்ன ஈக்கிது?"

யாரும் வாய் திறக்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்த பழக்கம். பெரிய துரை வரும் நாளில் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வெளியிலிருந்து வரும் அதிகாரி எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்கு" என்பார்கள். அவர் மாலையில் போய்விடுவார், மறுநாளும் அதே தோட்டத்துத் துரையிடம்தானே வேலைக்குப் பேர் போட வேண்டும்? அந்தக் கணக்கு மலையிலிருந்து இறங்கி பஸ் ஏறி, பேக்டரிக்கும் கூடவே வந்துவிட்டது.

பாயிஸ், வேலாயியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க உம்மா."

வேலாயி, சுதர்சினியைப் பார்த்தாள். சுதர்சினி கண்ணால் ஜாடை காட்டினாள்.

"கதவு சேர். எப்பவும் தெறந்துதான் இருக்கும். இன்னைக்குத்தான் மூட்ட வந்துச்சு" என்றாள் வேலாயி.

பாயிஸ் மூட்டையில் விரலை ஓட்டி, படிந்த தூசியைக் காட்டினார். "இந்தத் தூசியும் இன்னைக்கா வந்திச்சி?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. மூன்று வாரத்துக்குள் கதவைத் திறந்துவிட வேண்டும், காஸ் சிலிண்டர்களை வெளியே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பு எரியக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை ராஜரத்தினம் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"வற் வரி பதினெட்டு வீதம். கரண்டு பில்லப் பாத்தா மயக்கம் வருது. இதுல மாவுக்கு ஒரு ரூம், காஸுக்கு ஒரு ரூம் கட்டணுமாம். நான் எங்கம்மா போவேன்? கட்டுனா, உங்கள்ல ஆறு பேர வீட்டுக்கு அனுப்பணும். யார் யார்னு நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. வரி அவரை நெரித்தது உண்மை. அந்த மாதம்தான் அவர் இரண்டாவது வேனும் வாங்கினார் என்பதைச் சொல்லவில்லை. ஆறு பேர் என்றதும் சுதர்சினி மனதுக்குள் ஆள் எண்ணினாள். கடைசியாகச் சேர்ந்தவள் சின்னம்மா. முதலில் போகப்போவதும் அவள்தான்.

அடுத்த வாரம் கண்டியில் ஒரு மண்டபத்தில், சிறு தொழில்கள் பற்றி விசாரிக்கும் குழுவென்று மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வரி, சட்டதிட்டம், வேலைவாய்ப்பு ஆகிய மூன்றையும் பற்றி வியாபாரிகள் பேசலாம் என்று அறிவித்திருந்தார்கள். ராஜரத்தினம், சுதர்சினியையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆளுங்கட்சி உறுப்பினர், வரி இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்குமா, பள்ளிக்கூடம் நடக்குமா என்றார். எதிர்க்கட்சி உறுப்பினர் யுகேஷ், வரியைக் குறைத்தால் வேலை தானாக வரும் என்றார். மூன்றாமவர் போனைப் பார்த்துக்கொண்டே இரண்டுக்கும் தலையாட்டினார். வரி விசயத்தில் இவர்களுக்கு நடுவே மகாவலி ஆறே ஓடியது. ஆனால் பரிசோதனைகளைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததும் மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். அது செலவில்லாத தானம். கொடுக்கிறவர் பையிலிருந்து சல்லிக்காசு போகாது.

சுதர்சினிக்கு மைக்கைக் கொடுத்தார்கள்.  சின்னம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டாள்.

"ஐயா, எங்க பேக்டரியில ஒரு கொறையும் இல்லைங்க. செக்கிங் வந்துதான் எங்க பொழப்புல மண்ணு விழப் பாக்குது. எங்களுக்குச் செக்கிங் வேணாம், வேல வேணும்."

மண்டபம் கைதட்டியது. யுகேஷ் எழுந்தே நின்றுவிட்டார். "இந்தத் தங்கச்சிக்குத் தெரிஞ்சது கொழும்புல ஏசியில இருக்கிறவங்களுக்குத் தெரியலியே!" என்றார். அங்கிருந்தபடியே யாரோ ஒரு மேலதிகாரிக்குப் போன் போட்டார். கதவைச் சரிசெய்ய ராஜரத்தினத்துக்கு ஒன்பது மாத அவகாசம் கிடைத்தது. அதுவரை பாயிஸ் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றும் ஆயிற்று.

பத்து நாளில் அந்த வாசகம் நாடாளுமன்றத்திலும் ஒலித்தது. 'செக்கிங் வேண்டாம், வேலை வேண்டும் என்கிறாள் ஒரு தோட்டத்துச் சகோதரி!' வீடியோ லயம் முழுக்கச் சுற்றியது. வேலாயி அதைப் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினாள்.

"எம்.பி. வாயில எங்க அக்கா மக பேச்சு! என் வேலையக் காப்பாத்திட்டாடி மகராசி."

சுதர்சினிக்கும் பெருமை தாங்கவில்லை. 

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. பலகாரத்துக்கு ஓடர் குவிந்தது. மாவு மூட்டை முன்பக்கமாக இன்னும் இரண்டு வரிசை கூடியது. ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சுதர்சினி வாசலில் லொறிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டு நின்றாள். உள்ளே பழைய காஸ் குழாய் ஒன்று வெடித்து, எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது.

அடுப்புப் பக்கம் நின்றவர்கள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். பக்கற் போடும் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் சட்டருக்கும் நடுவே நெருப்பு எரிந்தது.

"பின்பக்கம்! பின்பக்கம் போங்க!" என்று சுதர்சினி கத்தினாள். கத்தின பிறகுதான் பின்பக்கம் என்ன இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. 

பக்கத்துக் கராஜ்காரர்கள் கூரைத் தகட்டைப் பிய்த்து நான்கு பேரைத் தூக்கினார்கள். புகை திரண்டு அடித்ததால் ஐந்தாவது ஆளைத் தேட முடியவில்லை. தீயணைப்பு வண்டி வந்து அணைத்த பிறகு வேலாயியை மூட்டைகளுக்கு அடியில் கண்டெடுத்தார்கள். ஏழு மூட்டைகளை அவள் இழுத்துத் தள்ளியிருந்தாள். எட்டாவதைப் பிடித்தபடி கிடந்தாள். அதற்குப் பின்னால் கதவின் கைப்பிடி தெரிந்தது.

உடல் திறந்து காட்டக்கூடிய நிலையில் இல்லை. லயத்து வீட்டில் பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். ராஜரத்தினத்தைப் பொலிஸ் கொண்டுபோயிருந்தது. யுகேஷ் மலர்வளையத்தோடு வந்தார், போட்டோக்காரரும் வந்தார். "விதி யாரை விட்டது" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் போனார்.

சுகிர்தா அழவில்லை. பள்ளிக்கூடச் சட்டையோடு வந்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுதர்சினி பக்கத்தில் போய் அணைக்கப் பார்த்தபோது கையை விலக்கினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? அங்க கதவு அடைச்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லலாம். மண்டபத்தில் சொன்னதுபோல இங்கேயும் ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கலாம். 

"தெரியும் பாப்பா."

"அம்மாவுக்கும் தெரியுமா?"

"தெரியும். செக்கிங் வந்த அன்னைக்கு, சொல்லாதீங்கன்னு நான்தான் கண்ணக் காட்டுனேன்."

 சுகிர்தா எழுந்து பெட்டிக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து இன்றுவரை சுதர்சினியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே மண்டபத்தில், அதே குழு, அறிக்கையை முடிப்பதற்காக மறுபடி கூடியது. இந்த முறை யாரும் வேன் அனுப்பவில்லை. சுதர்சினி பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். பின்வரிசைக் கதிரையில், பிணையில் வந்த ராஜரத்தினம் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் யுகேஷ், வேலைவாய்ப்பு பெருக வேண்டுமானால் இன்னும் தளர்த்த வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்.

சுதர்சினி மேடைக்கு முன்னால் போனாள். சாட்சியத்தைப் பதிவு செய்யும் எழுத்தரிடம் கேட்டாள். "போன தடவ நான் சொன்னத எழுதி வச்சிருக்கீங்கதானே? அத அடிச்சிடுங்க."

"பதிவான சாட்சியத்த அழிக்க ஏலாது தங்கச்சி" என்றார் அவர்.

"அப்ப அதுக்குக் கீழ இத எழுதுங்க."

யுகேஷுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. "தங்கச்சி, உங்க கவலை புரியுது. ஆனா அது ஒரு விபத்து."

"இல்லைங்க ஐயா. விபத்துன்னா யாருக்கும் தெரியாம வர்றது. இது மூணு வாரத்துல சரி பண்ணுன்னு ஒரு மனுசன் எழுதிக் குடுத்தது. முதலாளி மூட்டைய அடுக்குனாரு. நான் பொய் சொன்னேன். நீங்க போன் போட்டீங்க. நாம மூணு பேரும் சேந்துதான் எங்க சின்னம்மாவ உள்ள வச்சுப் பூட்டுனோம்."

 பின்வரிசையில் ராஜரத்தினம் எழுந்து நின்றார். "அந்தப் புள்ள சொல்றது சரி" என்றார்.  முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வரி கூடிப்போச்சுன்னு பேசுங்க ஐயா, நானும் கூட நின்னு பேசுறேன். முதலாளி நொடிஞ்சா எங்க அடுப்பும் எரியாது. வரியக் கொறைச்சு கஜானாவுல பள்ளம் விழுந்தா அடுத்த வரவுசெலவுத் திட்டத்துல ரொப்பிக்கலாம். சின்னம்மா போன பள்ளத்த எந்தத் திட்டத்துல ரொப்புவீங்க?"

யுகேஷ் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். 

எழுத்தரின் பேனா நின்றிருந்தது. சுதர்சினி அவர் பக்கம் திரும்பினாள். எழுத்துக்கூட்டிச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"எழுதுங்க. செக்கிங் வேணாம், வேல வேணும்னு சொன்னது நான்தான். தப்புன்னு இப்ப சொல்றதும் நான்தான். உசுரோட வீட்டுக்குத் திரும்ப விடுற வேலதான் வேல. அந்த உசுரக் காக்கத்தான் சட்டம் போட்டது. அதத் தொந்தரவுன்னு சொல்ற வாய் எங்களுக்கும் வேணாம், உங்களுக்கும் வேணாம்."