ஒரே தடவை கேட்ட முதலாளியம்மா

எங்கள் வீட்டில் யாரும் முதல் தடவை கேட்டதும் "சரி" என்று சொல்லிவிட மாட்டோம். அது எங்கள் ரத்தத்திலேயே கிடையாது. அத்தை வந்தால், காபி வேண்டுமா என்று அம்மா கேட்பாள். வேண்டவே வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்பாள் அத்தை. அரை டம்ளராவது என்பாள் அம்மா. வயிற்றில் இடமே இல்லை என்பாள் அத்தை. மூன்றாவது தடவை கேட்டுக்கொண்டே அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். அத்தை முழு டம்ளரையும் குடித்துவிட்டு, சர்க்கரை இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்பாள்.

கேட்டதும் கையை நீட்டினால் பறக்காவெட்டி என்று பேர் வந்துவிடும். அதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் அம்மாவை ஒரு தடவைதான் பந்திக்குக் கூப்பிட்டார்களாம். அந்தக் கல்யாண ஜோடியின் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அம்மா இன்னும் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்த வளர்ப்போடு வெளிநாடு வந்தவள் நான். வேலையும் பார்க்கலாம், ஊரும் சுற்றலாம் என்று இளவயசுக்காரர்களுக்கு ஒரு வருஷத்துக்குக் கொடுக்கிற விசா. சித்தப்பா அதற்கு "சுத்தற விசா" என்று பேர் வைத்தார். ஒரு வருஷம் சுற்றிவிட்டு வா, உன் நாற்காலி எங்கேயும் போகாது என்றார். அந்த நாற்காலி அவருடைய சிமெண்ட் கடையில், அவர் மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அவர் தினமும் துடைக்கிறார். அதில் நான் உட்காரவேண்டும், அவர் தும்மும்போதெல்லாம் "நூறு வயசு" சொல்லவேண்டும். சிமெண்ட் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை தும்மல் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் வந்து சேர்ந்தது ஒரு முட்டைப் பண்ணை. நீள நீளமாக மூன்று ஷெட், ஓரத்தில் பேக்கிங் கூடம், அதற்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கான அறைகள். என் அறையில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தாள். அவளும் இதே விசா. ஊரில் பிசியோதெரபி படித்தவள் என்பதால் எல்லாருக்கும் அவள் பிசியோ. என் பேர் முதலாளியம்மாவின் நாக்குக்கு வளையவில்லை. இரண்டாம் ஷெட்டில் வேலை என்பதால் என்னை "ரெண்டு" என்றே கூப்பிட்டாள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு எண்ணாக மாறியதில் முதலில் எனக்குக் கோபம்தான். அப்புறம் பழகிவிட்டது.

முதல் வாரம் முழுக்கப் பட்டினி. காலையில் முதலாளியம்மா பிஸ்கட் டப்பாவை நீட்டுவாள். நான் வேண்டாம் என்பேன். அவள் டப்பாவை மூடிவிடுவாள். அவ்வளவுதான். மூடி போடுகிற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிசியோவோ நீட்டுவதற்கு முன்பே இரண்டை எடுத்துவிடுவாள். வெட்கம் இல்லாதவள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவளிடமிருந்து பாதி பிஸ்கட் வாங்கித் தின்பேன். அதுவும் அவள் மூன்று தடவை கேட்ட பிறகுதான்.

ஆனால் வேலை எனக்குப் பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலை எனக்கு நன்றாக வந்தது. கோழிகள் கூட்டுப் பெட்டிக்குள் போய் முட்டையிட வேண்டும். அப்போதுதான் முட்டை உருண்டு, அதைக் கூடத்துக்குக் கொண்டுபோகிற பெல்ட்டுக்கு வரும். இளங்கோழிகளுக்கு அது புரியாது. மூலையில், சுவரோரம், தண்ணீர்க் குழாய்க்கு அடியில் என்று கண்ட இடத்தில் இட்டுவைக்கும். தரைமுட்டை அழுக்காகும், உடையும், விலைக்குப் போகாது. மூலையில் குந்துகிற கோழியைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைக்கவேண்டும். அது உடனே வெளியே வந்துவிடும். மற்றவர்கள் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, சனியன் போ என்று விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். இரண்டாவது தடவை வைப்பேன், மூன்றாவது தடவையும் வைப்பேன். மூன்றாவது தடவை அது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உனக்காகத்தான் என்பதுபோல உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அச்சு அசல் எங்கள் அத்தை. ஒரு சிவப்புக் கோழிக்கு அத்தை என்றே பேர் வைத்தேன். அது மட்டும் என் ரப்பர் பூட்ஸுக்குள்தான் இடுவேன் என்று அடம்பிடித்தது.

என் ஷெட்டில் தரைமுட்டை அநேகமாக இல்லாமலே போனது. கோழிகளுக்கு நான் ஏதோ மந்திரம் போடுவதாகப் பேச்சு. இந்த மாதிரி ஆள் கிடைக்காத இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, முதலாளி விரும்பிச் சொன்னால், விசாவை இன்னொரு வருஷம் நீட்டித்துக் கொடுப்பார்கள். எனக்கு ஆசை முளைத்துவிட்டது. ஒருநாள் அம்மாவிடம் போனில் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"தாராளமா இரும்மா. எங்களுக்கென்ன, நாங்க இருந்துக்கறோம்" என்றாள் அம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவே இல்லை.

இனி முதலாளியம்மா கேட்கவேண்டியதுதான் பாக்கி. அவளும் கேட்டாள். நான் அத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும்போது நேரே வந்தாள்.

"ரெண்டு, உன் விசா முடியப் போகுதில்ல? இன்னொரு வருஷம் இருக்கியா? மூணு ஷெட்டையும் நீயே பாத்துக்கோ. விசா ஆபீஸ்ல நான் சொல்றேன்."

அவள் அவளுடைய பாஷையில் சொன்னதைத்தான் தமிழில் தருகிறேன். சாமி வரம் கொடுக்கிற இடம் அது. என் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா?

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்கு சிரமம்? என்னைவிட நல்லவங்களா யாராவது கிடைப்பாங்க."

"சரி" என்றாள் முதலாளியம்மா. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். திரும்பி வருவாள், இரண்டாவது தடவை கேட்பாள் என்று நின்றேன். கதவு வரைக்கும் போனவள், விளக்கு ஒன்று எரியாததைப் பார்த்தாள், குறித்துக்கொண்டாள், வெளியே போனாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அப்புறம் குளிக்க ஆறு இருக்கிறது.

பிசியோவிடம் சொன்னேன். அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, "நேரா போய், 'எனக்கு வேணும்'னு சொல்லுடி. ரெண்டு வார்த்தை" என்றாள்.

"நானா போய்க் கேக்கறதா? என்னை என்ன நினைப்பாங்க?"

"வேலை வேணும்னு நினைப்பாங்க. வேற என்ன?"

இவளிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. முதலாளியம்மாவைத்தான் திட்டினாள். ரெண்டாவது தடவை கேக்கவே இல்லையா, இதென்ன வளர்ப்பு, பெத்தவங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையா என்று பொரிந்தாள். பெரியப்பா வீட்டுக் கல்யாணப் பந்தி மறுபடி வெளியே வந்தது. கடைசியில் ஒரு யோசனையும் சொன்னாள். அவள் கண்ணில் படும்படி நின்று பெருமூச்சு விடு, தானாகக் கேட்பாள் என்றாள்.

விட்டேன். பேக்கிங் கூடத்தில், விளக்குமேல் முட்டையை உருட்டி விரிசல் பார்த்துக்கொண்டே, முதலாளியம்மா தாண்டும்போதெல்லாம் பெருமூச்சு விட்டேன். அவள் என் தொண்டைக்கு ஒரு மருந்து கொண்டுவந்து கொடுத்தாள். இந்தக் கோழிகளை விட்டுப் பிரிய மனசே இல்லை என்று அவள் காதுபட ஒரு கோழியிடம் சொன்னேன். தமிழில் சொல்லித் தொலைத்தேன். அடுத்த நாள் அவள் பாஷையிலேயே சொன்னேன். அவள் உருகிப்போய், அத்தையின் போட்டோவைப் பெரிசாக எடுத்துச் சட்டம் போட்டு எனக்குப் பரிசாகக் கொடுத்தாள். ஊரில் மாட்டிக்கொள்ளவாம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போதாதென்று, உடைந்த தாழியைப் பெருக்க ஆளும் வந்தான். என் இடத்துக்குப் புதிதாக ஒருவன். ஏதோ ஒரு நாட்டில் யோகா மாஸ்டராம். அவனும் இதே விசா. கூரையைத் தொடுகிற உயரம். கோழி என்றால் பயம். கோழி ஒன்று இறக்கையை அடித்தால் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விடுவான். அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. ஒரு வாரத்தில் இரண்டாம் ஷெட்டின் மூலையெல்லாம் முட்டை. அத்தை அவன் பூட்ஸுக்குள் முட்டையிட்டுவிட்டது. அவன் பார்க்காமல் காலை விட்டான். அன்றைக்கு ஷெட்டில் நடந்தது எந்த ஆசனத்திலும் சேராது. நான் சிரித்தேன், அப்புறம் தீவனத் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். என் கோழி இன்னொருவன் பூட்ஸைத் தேடிப் போனது எனக்குத் தாங்கவில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள், மதிய இடைவேளையில் பேக்கிங் கூடத்தில் எனக்கு ஒரு டீ விருந்து. உன் அம்மாவிடம் நன்றி சொல்லவேண்டும், வீடியோவில் கூப்பிடு என்றாள் முதலாளியம்மா. முட்டை அட்டைகளைச் சாய்த்து அதன்மேல் போனை நிறுத்தினேன். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு திரையில் வந்தாள். நடுவில் மொழிபெயர்க்க பிசியோ நின்றாள். என்னை அவள் நம்பவில்லை. நீ மாத்திச் சொல்லிடுவே என்று காதோடு சொன்னாள். மாற்றித்தான் சொல்லியிருப்பேன்.

உங்கள் மகள் அருமையான வேலைக்காரி, அவள் இருக்கமாட்டேன் என்றது எனக்கு வருத்தம் என்றாள் முதலாளியம்மா. பிசியோ அதைத் தமிழில் சொன்னாள். இதோ வாசல் திறக்கிறது. அம்மா ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எங்கள் வீட்டில் மட்டும் அதை வெளியே சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளையை வெளியார் புகழ்ந்தால், உடனே அதை மட்டம் தட்டி வைப்பதுதான் மரியாதை.

"அவளா?" என்றாள் அம்மா. "அவளுக்கு ஒரு வேலையும் வணங்காது. படுத்தா எழுந்திரிக்க மாட்டா. தண்ணி வெச்சா அடிபிடிக்க விட்டுடுவா. நீங்கதான் பெரிய மனசு பண்ணி இத்தனை நாள் பொறுத்துட்டீங்க."

பிசியோ ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தாள். தண்ணீர் அடிபிடிக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறி, அதையும் கையை ஆட்டி விளக்கிவிட்டாள். முதலாளியம்மாவின் முகம் மாறியது. கவலையாக என்னைப் பார்த்தாள். யோகா மாஸ்டர்கூடப் பரிதாபமாகப் பார்த்தான். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று சொன்னவர் வீடியோ காலைப் பார்த்ததில்லை.

எனக்கு வந்ததே கோபம். கோபம் எனக்குத் தமிழில்தான் வரும்.

"அம்மா, சும்மா இரு. நான் நல்லா வேலை செய்றேன். இங்க இருக்கறதுலேயே நான்தான் நல்லா செய்றேன். எனக்கு இந்த வேலை வேணும். இன்னொரு வருஷம் இங்கயே இருக்கணும். எனக்கு வேணும்."

எல்லாரும் டீக் கோப்பையோடு என்னையே பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பிசியோ தொண்டையைச் செருமிக்கொண்டு, அதையும் எழுத்து விடாமல் மொழிபெயர்த்தாள்.

"சரி" என்றாள் முதலாளியம்மா. அன்றைக்குச் சொன்ன அதே சரி. நான் முகத்தைத் தொங்கப்போட்டிருந்ததைப் பார்த்து, "ஏன்? வேணும்னுதானே சொன்னே?" என்று கேட்டாள். விசா ஆபீஸுக்கு இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றாள். யோகா மாஸ்டரைப் பார்த்து, நீ நாளை முதல் பேக்கிங் பக்கம் வந்துவிடு என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எல்லாரும் டீயை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போய்விட்டார்கள். நான் குதிக்கவில்லை என்பதுதான் குறை.

திரும்பினால் போனில் அம்மா இன்னும் இருந்தாள். பட்டுப்புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்போ நீ வரலையா?" என்றாள். "சித்தப்பா நாற்காலிக்குப் புது மெத்தை போட்டிருக்கார். நான்கூட உன் ரூமை ஒட்டடை அடிச்சேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாராளமா இரும்மா, எங்களுக்கென்ன என்று அவள் சொன்னது முதல் தடவை. முதல் தடவை எங்கள் வீட்டில் யார் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்? நான் இரண்டாவது தடவை கேட்கவே இல்லை. முதலாளியம்மா டப்பாவை மூடினதுபோல மூடிவிட்டேன்.

"அம்மா, நீ இங்க வந்து கொஞ்ச நாள் என்கூட இருந்துட்டுப் போ."

"ஐயையோ, நான் எதுக்கு அங்க? உனக்குத்தான் சிரமம்."

"ஒரு சிரமமும் இல்ல. நீ வா."

"உங்கப்பாவுக்கு ஒரு டீ போடக்கூடத் தெரியாது. வீட்டை யாரு பாத்துப்பா? அதெல்லாம் வேண்டாம்மா."

"நீ வரணும்மா. நான் உன்னைப் பாக்கணும்."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அங்க ரொம்பக் குளிருமா?" என்றாள்.