ஒன்றரை நாள் தண்ணீர்

பிஷப்பின் அறைக்கு வெளியே கிடந்த மடக்கு நாற்காலியில் நெட்ரா ஹாஸ்லம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே போயிருந்த அவள் கணவன் டெல்வினின் குரல் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. மலையிலிருந்து மாடு இறக்கிப் பழகிய குரல். எழுபத்திரண்டு வயதிலும் தேயவில்லை.

"நான் உன்கிட்ட மன்னிப்பு கேக்கணுமா? எவன் எவனத் திருடன்னு சொன்னான், லமார்?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, பிரதர் ஹாஸ்லம். பக்கத்து ரூம்ல பிள்ளைங்க பாடுதுங்க."

"கேக்கட்டும். அதுங்களுக்கும் தெரியட்டும்."

பிள்ளைகள் பாட்டை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது.

அவர்கள் சபையில் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. அழைப்பு யாருக்கு வருகிறதோ அவர் ஐந்து வருடம் பிஷப். வாரமெல்லாம் மாடு மேய்த்துவிட்டு ஞாயிறன்று கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டும். இரண்டு வருடங்களாக அந்த மேசையில் லமார் ஸ்டக்கி. ஹாஸ்லம் நிலத்துக்குக் கீழே, அதே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவன். பதினோரு வருடங்களாக டெல்வினுக்கு அவனோடு பேச்சில்லை. ஆராதனையில் அப்பத்தட்டைக் கை மாற்றும்போதுகூட முகம் பார்ப்பதில்லை. இப்போது வயதான தம்பதியாக மறுபடியும் ஊழியத்துக்குப் போக வேண்டுமென்றால் அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் இருவரையும் தனித்தனியாக அழைத்து, யாரோடாவது தீராத பகை உண்டா என்று கேட்க வேண்டும்.

கதவு சுவரில் மோதித் திறந்தது. டெல்வின் தொப்பியைத் தலையில் அழுத்தினான்.

"எந்திரி. போலாம்."

"என்னையும் கூப்பிட்டிருக்காரு."

"எதுக்கு? நீ போய் அழுதா போட்டுருவானா?"

"நான் என்னைக்கு அழுதேன்?"

"அதான். அதுகூட உனக்கு வராது." அவன் நடைவழியில் போய்க்கொண்டே சொன்னான். "வண்டில இருக்கேன். அஞ்சு நிமிஷம். அப்புறம் நடந்து வா."

நெட்ரா எழவில்லை. சமோவாத் தீவை நினைத்துக்கொண்டாள். நான்கு வருடங்களுக்கு முன்னால் அங்கே பதினெட்டு மாதம் ஊழியம் செய்தார்கள். அவள் பெண்பிள்ளைகளுக்கு பியானோ கற்றுக் கொடுத்தாள். டெல்வின் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாகக் கூரைக்கு ஆணி அடித்தான், தொட்டிக்குக் குழாய் போட்டான். மாலையில் பாத்திரம் கழுவினான். ஐம்பது வருடத்தில் அவன் கை சோப்பு நுரையில் நனைந்ததை அவள் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தாள். "இந்த டம்ளர் காஞ்சிருச்சா பாரு, நெட்" என்பான். கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் செல்லப்பெயரை அவன் அங்கேதான் சொன்னான். திரும்பி வந்து விமானத்தை விட்டு இறங்கிய அன்றே மகன் கெண்டலிடம் வேலியைப் பற்றிக் கத்த ஆரம்பித்தான். மாடும் பெரிய வீடும் கெண்டலிடம் போய்விட்டன; பின்னாலிருந்த பழத்தோட்டத்தை ஒட்டிய சின்ன வீடு இவர்களுக்கு. வாய்க்கால் முறையை மட்டும் டெல்வின் விடவில்லை. நாள் முழுவதும் மண்வெட்டியோடு கரையில் நிற்பான். வீட்டுக்குள் வந்தால் நாயிடம் பேசுவான். நாயிடம் பேசும்போது அவன் குரல் இளகும். அவளுக்குப் பாத்திரம் கழுவிய அந்த மனிதன் வேண்டும். அவன் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

உள்ளே போய் உட்கார்ந்தாள். கறுப்புக் கோட்டு போட்டிருந்த லமாரின் விரலிடுக்கில் மாட்டுக்குப் போடும் மருந்தின் மஞ்சள் கறை. மேசையில் அவர்களுடைய தாள்கள்.

"உண்மையச் சொல்றேன், சிஸ்டர் ஹாஸ்லம். அவரு ஒன்றரை வருஷம் எங்கயாவது போனா எனக்கும் நிம்மதிதான். ஆனா இந்த மனசோட அவர அனுப்பினா, அங்க இருக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்." அவன் அடுத்த கேள்வியை மனப்பாடமாகக் கேட்டான். "நீங்க எல்லார்கிட்டயும் நேர்மையா நடந்திருக்கீங்களா?"

"இல்ல."

அவன் நிமிர்ந்தான்.

"அந்த வருஷம் உங்க தண்ணிய எடுத்தது நான்."

அது மழை பொய்த்த ஜூலை. டெல்வின் மலை மேய்ச்சலுக்கு மாடுகளோடு போயிருந்தான். போகும்போது, "வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்குப் பலகையத் தூக்கிவிடு, லமார் முறை" என்று சொல்லியிருந்தான். மதகில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பலகை இறங்கியிருந்தால் தண்ணீர் ஹாஸ்லம் நிலத்துக்குத் திரும்பும். தூக்கினால் கீழே ஸ்டக்கிக்கு. அந்தக் கோடை முழுக்க எல்லாத் தண்ணீரும் மாட்டுத் தீவனமான குதிரைமசாலுக்கே போயிற்று. வீட்டுக்குப் பின்னால் நெட்ராவின் நாலு வரிசை ராஸ்பெர்ரி கருகிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான். வெள்ளி காலை மதகுவரை போனாள். பலகையில் கை வைத்தாள். அப்படியே திரும்பி வந்து தண்ணீரைச் செடிக்குத் திருப்பினாள். சனி மாலைதான் தூக்கினாள். கீழே லமாரின் ஓட்ஸ் பயிர் வெயிலில் வெந்துபோயிருந்தது.

ஞாயிறன்று ஆண்கள் எல்லோரும் கூடியிருந்த இடத்தில் லமார் டெல்வினைத் தண்ணீர்த் திருடன் என்றான். "பலகையத் தூக்கினேன்னு என் பொண்டாட்டி சொல்றா" என்றான் டெல்வின். "அப்ப அவ பொய் சொல்றா" என்றான் லமார். அதற்குத்தான் டெல்வின் அடித்தான். லமாரின் முன்பல் ஒன்று கார் நிறுத்துமிடத்துச் சரளையில் கிடந்தது. பெண்கள் கூட்டத்தோடு நின்று நெட்ரா அதைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

லமார் நாக்கால் அந்த இடத்துப் பொய்ப்பல்லைத் தள்ளிப் பார்த்தான்.

"அந்த கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுக்கு ராஸ்பெர்ரி ஜாம் கொண்டு வந்தீங்க."

"ஆமா."

"சண்டைய மறந்து நீங்களாவது வந்தீங்களேன்னு என் பொண்டாட்டி எலோய்ஸ் அழுதா. இன்னும் ரெண்டு பாட்டில் கேட்டு வாங்கினா."

"ஆமா."

"என் தண்ணில செஞ்ச ஜாம்."

அவள் தலையசைத்தாள். அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தான்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வந்து சொல்றேன்?"

"இந்த ரூம்ல கேட்டத நான் வெளிய சொல்லக் கூடாது. சொல்லணும்னு வாய் துடிக்குது, ஆனா கூடாது. நீங்க சொல்லுங்க. சொன்னதுக்கப்புறமும் சேர்ந்து போகணும்னு ரெண்டு பேருக்கும் தோணுச்சுன்னா வாங்க."

டெல்வின் இன்ஜினை அணைக்காமலே வைத்திருந்தான்.

"பதினஞ்சு நிமிஷம். என்ன கேட்டான்? தன் கால்ல விழச் சொன்னானா?"

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவன் வழி முழுக்கத் திட்டினான். லமாரை, லமாரின் அப்பாவை, அவனைப் பிஷப்பாக்கிய மேலிடத்தை. மதகு தெரிந்ததும் அவள், "நிறுத்து" என்றாள்.

"எதுக்கு?"

"நிறுத்து, டெல்வின்."

இன்று அவர்கள் முறை. இன்னும் மூன்று நாள் பாக்கி. பலகை இறங்கியிருந்தது. கெண்டலின் பயிருக்குத் தண்ணீர் முழு வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். ராஸ்பெர்ரி, வெள்ளி காலை, சனி மாலை. நாலே வரி. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

டெல்வின் கண்ணாடி வழியாக வாய்க்காலையே பார்த்தான்.

"நான் உனக்காக அவன் பல்ல உடைச்சேன்."

"தெரியும்."

"பதினோரு வருஷம் அத்தன பேரும் என்னத் திருடன மாதிரி பாத்தாங்க. நீ பக்கத்துல உக்காந்து பாட்டுப் பாடின."

"ஆமா."

"சமோவாலயும் வாயத் தெறக்கல."

"அங்க நீ நல்லவனா இருந்த. கெடுக்க மனசு வரல."

அவன் அவளைப் பார்த்தான். மந்தையில் ஒரு மாட்டுக்கு நோய் என்று தெரிந்தால் பார்க்கும் பார்வை. பிறகு கதவைத் திறந்து இறங்கினான். ஞாயிற்றுக்கிழமைப் பூட்ஸோடு, கழுத்துப்பட்டையோடு வாய்க்காலுக்குள் இறங்கினான். தண்ணீர் தொடைவரை ஏறியது. முதல் பலகை வரவில்லை. தோளைக் கொடுத்து நெம்பினான். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் எறிந்தான். தண்ணீர் ஒரு கணம் தயங்கி, பிறகு கீழே ஸ்டக்கியின் நிலத்துக்குப் பாய்ந்தது.

"எவ்வளவு நேரம் எடுத்த?" என்று கத்தினான்.

"ஒன்றரை நாள்."

"ஒன்றரை நாள் இங்கயே இருப்பேன். நீ போ."

"கெண்டல் கேட்டா?"

"உண்மையச் சொல்லு. இப்பதான் பழகிருக்கியே."

அவள் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உடை மாற்றவில்லை. பின்பக்கம் போய் ராஸ்பெர்ரி வரிசையின் முனையில் நின்றாள். காய் பிடிக்கும் காலம். வரிசைகளுக்கு இடையே இருந்த சாலில் காலையில் நிறைந்திருந்த தண்ணீர் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. ஓரச் சேறு முதலில் மினுங்கி, பிறகு மங்கியது. நடுவில் சிறு குழிகளில் மட்டும் வானம் மிச்சமிருந்தது.

மேட்டில் மதகருகே ஒரு வெள்ளைப் புள்ளி, டெல்வினின் சட்டை. அசையவில்லை. ஆராதனை முடிந்து வீடு திரும்பும் ஒரு கார் அந்தச் சாலையில் தூசு கிளப்பிக்கொண்டு வந்து, மதகைத் தாண்டி, நின்று, பின்னால் நகர்ந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் இறங்கினான். வெள்ளைப் புள்ளி எழுந்து நின்றது. தூசு இரண்டையும் மறைத்தது. நெட்ரா நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அது அடங்குவதற்காக நின்றாள். காலடியில் சால் முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது.