தேன்மொழிக்கு வந்த நோய்

என் தங்கை தேன்மொழிக்கு வந்திருக்கும் நோய் நான்தான். நாங்கள் இரட்டையர். முதலில் பிறந்தவள் நான் என்பதால், வாராவாரம் அவளை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போவதும் நான்தான். ஒரு நோய்க்கு இவ்வளவு பொறுப்பா என்று யாரும் பாராட்டியதில்லை.

மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நாற்காலி, நோய்களுக்கு பெஞ்ச். அன்று பெஞ்சில் யாரோ ஒருவரின் பயம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தது. நல்ல சதைப்பற்றான பயம். நகர்ந்து எனக்கு இடம் விட்டது.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டது.

"பொறந்ததுலேர்ந்து."

"குடுத்து வெச்சவங்க" என்றது.

எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் அறைக்குப் போகும் நடை நான் நடக்க நடக்க நீண்டது. தேன்மொழிக்கு நீளவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முகம் கழுவப் போயிருந்தாள்.

டாக்டர் ஞானசிகாமணி தங்கமான மனிதர். என் முகத்தைப் பார்த்துப் பேச மட்டும் கூச்சம். வெள்ளை மாத்திரை ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"இது உள்ள போனா நீங்க இருக்க மாட்டீங்க. ஆனா உங்க தங்கச்சி முழுங்க மாட்டேங்குதே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது. வாழைப்பழத்துக்குள் புதைத்து, ஏதாவது பேச்சுக் கொடுத்து ஊட்ட வேண்டும். அந்த வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்ப நீங்களே குடுத்துடுங்களேன்" என்றார், மேசையிடம்.

நர்ஸ் பழம் கொண்டுவந்தார். கொடுக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இவளை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. அதற்குள் தேன்மொழி வந்து உட்கார்ந்தாள். ராவெல்லாம் என்னோடு பேசிப் பேசி அவள் கண் குழிவிழுந்து கிடந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. பழத்தை உரித்து, அவள் பார்க்காதபோது மாத்திரையை உள்ளே புதைத்தேன்.

"மாத்திரை இல்லியே அக்கா?"

"வெறும் பழம்டி. ஆ காட்டு."

நம்பினாள். எப்போதும் நம்புவாள்.

டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். "இப்ப எப்படிம்மா இருக்கு?"

தேன்மொழி அறையைச் சுற்றிப் பார்த்தாள். நான் நின்ற இடத்தையும் பார்த்தாள்.

"தனியா இருக்கு டாக்டர்."

"அப்ப சரியாயிடுச்சு."

"இங்கதான்டி இருக்கேன்" என்றேன்.

நர்ஸ் எனக்குள் கையை விட்டு, எனக்குப் பின்னால் இருந்த சுவிட்சைத் தட்டி மின்விசிறியை நிறுத்தினார்.