குமிழ் எங்கே நிற்கிறது

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வண்டிக்குள் உட்கார்ந்து கத்துவேன்: "ரோட்டைக் குறை சொல்லாதீங்க. ரோடு அதுபாட்டுக்குக் கிடக்கு. நீங்கதான் ஸ்டியரிங்கைத் தப்பாப் பிடிக்கிறீங்க." அப்படிச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லையென்று தெரிந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போதும் கத்துகிறேன், சுருதி மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

என்னிடம் பழகி லைசென்ஸ் வாங்கிய ஒரு அம்மா, வேலை மாற்றலாகிப் போகும்போது தன் மீன்தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். மூன்றடி நீளம், ஏழு குடம் தண்ணீர் பிடிக்கும். மீன்களும் கூடவே வந்தன, ஸ்டாண்டு மட்டும் வரவில்லை. கடையில் விசாரித்தால் ஆனை விலை, குதிரை விலை சொன்னார்கள்.

"நாலு காலும் ஒரு பலகையும். இதுக்கா இவ்வளவு? நானே செஞ்சிருவேன்" என்று மனைவியிடம் மார்தட்டினேன்.

"எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன். அவருக்குத் தெரிஞ்ச கார்பெண்டர் இருப்பாங்க."

நான் கேட்பேனா? அவள் அண்ணன் தரைக்கு டைல்ஸ் போடுகிறவர். எங்கள் கூடத்துத் தரையும் அவர் கைவேலைதான். அதைப் போடுவதற்கு முந்தின வருஷம் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடாமல் இருந்தபோது, "முதல்ல என் தங்கச்சி வீட்டுல போட்டுக் காட்டுறேன்" என்று வந்து, முட்டி தேயத் தேய ஒரு வாரம் உட்கார்ந்து போட்டார். அதைப் பார்த்துத்தான் காண்டிராக்டர் மறுபடி அவரைச் சேர்த்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றியதும் ஒரு நிமிஷம் அந்தத் தரையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பழைய ஜன்னல் சட்டம் வாங்கினேன். பக்கத்துக் கடையில் வீணாய்க் கிடந்த பிளைவுட் துண்டு ஓசியில் கிடைத்தது. வீட்டில் இருந்த இஞ்ச் டேப்புக்கு நுனி ஒடிந்து முதல் சென்டிமீட்டர் போயிருந்தது. அதனால் என்ன, ஒன்றிலிருந்து அளந்து கடைசியில் ஒன்றைக் கூட்டிக்கொண்டால் போகிறது. முதல் இரண்டு காலுக்கும் கூட்டினேன். நடுவில் டீ வந்தது. டீயைக் குடித்துவிட்டு, வாயில் பாட்டோடு மற்ற இரண்டையும் அறுத்தேன்.

குறுக்குச் சட்டம் அடித்து, கறுப்புப் பெயின்ட் பூசி, மேலே தெர்மாகோல் விரித்தேன். ஏறி நின்று குதித்தும் பார்த்தேன். அசையவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டியை ஏற்றிக் குடம் குடமாக ஊற்றி, மீன்களை உள்ளே விட்டு, தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. இடது ஓரத்தில் தண்ணீர் விளிம்பை நெருங்கி நின்றது, வலது ஓரத்தில் இறங்கியிருந்தது. குனிந்து கால்களை அளந்தேன். இடது பக்கத்து இரண்டும் ஒரு சென்டிமீட்டர் குட்டை.

ஏழு குடத்தையும் இறைத்து, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி செய்வதா? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி வந்துவிட்டாள்.

"என்னங்க, தண்ணி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு?"

"ஸ்டாண்டு கல்லு மாதிரி இருக்கு. உங்கண்ணன் போட்ட தரைதான் வாட்டமா இருக்கு."

வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்போதே சிரித்து, சும்மா சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்கள், நானும் கூசாமல் தரையையே காட்டினேன். பொய்யைப் பத்துப் பேரிடம் சொன்னபிறகு எனக்கே அது நிஜம்போலத் தோன்ற ஆரம்பித்தது.

விஷயம் மச்சான் காதுக்கு எட்டியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். தொட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார்.

"கால் நாலும் ஒரே அளவுதானே, மாப்ள?"

"அளந்து வெட்டினது மச்சான்."

"நீங்க சொன்னா சரிதான்."

பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். கண்ணாடிக் குழலுக்குள் குமிழ் நடுக்கோட்டில் நின்றால் தரை மட்டம் என்று அர்த்தம். வலப்பக்கம் குனிந்து பார்த்தார், இடப்பக்கம் குனிந்து பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடித்தது.

"எனக்கு நடுவுல இருக்கற மாதிரிதான் தெரியுது. ஆனா இந்தக் கண்ணை நம்ப முடியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். குமிழ் கச்சிதமாக நடுவில் நின்றது.

"கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு மச்சான்" என்றேன்.

அவர் ரசமட்டத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, காபி கூடக் குடிக்காமல் கிளம்பினார். இரண்டு நாள் கழித்து மனைவி சொன்னாள்: "அண்ணன் இனிமே டைல்ஸ் போட மாட்டாராம். கலவை சுமக்கறேன்னு காண்டிராக்டர்கிட்ட சொல்லிட்டாராம்." அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தே அந்த வாரம் போயிற்று.

அடுத்த ஞாயிறு மச்சான் சுத்தியலும் உளியும் ஒரு பெட்டி டைல்ஸுமாக வந்து நின்றார். "என் தப்பு, என் செலவு. தங்கச்சி வீட்டுல கோணலா ஒண்ணு கிடக்க வேணாம்" என்றார். மனைவி மீன்களை வாளியில் பிடித்துவிட்டாள். தண்ணீரை இறைத்துத் தொட்டியையும் ஸ்டாண்டையும் ஓரமாக நகர்த்தினோம். அவர் மண்டியிட்டு இரண்டு டைல்ஸுக்கு நடுவே உளியை வைத்தார். சுத்தியலை ஓங்கினார்.

நான் போய் அந்த இடத்தில் கையை வைத்தேன். அது வீரம் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

"உடைக்காதீங்க மச்சான். ஸ்டாண்டோட கால் ரெண்டு குட்டை."

சுத்தியல் மெதுவாகக் கீழே இறங்கியது.

"எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

"அப்ப, அன்னிக்கு அந்தக் குமிழ்?"

"நடுவுலதான் இருந்துச்சு."

திட்டுவார் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். இரண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். மீன் வாளியோடு மனைவி போயிருந்த சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

மச்சான் உளியைப் பையில் போட்டார். ரசமட்டத்தை எடுத்து, போன வாரம் வைத்த அதே இடத்தில் வைத்து, மூக்கு தரையில் படுமளவு குனிந்து வெகுநேரம் பார்த்தார். நான் அவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். குமிழ் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கேட்டால் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தேன்.

அவர் நிமிர்ந்து, என்னைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"அம்மாடி, கொஞ்சம் இங்க வந்து இந்தக் குமிழைப் பாத்துச் சொல்லு."