ரெண்டாம் சாக்ஸ்

லேப்டாப் அவனுடையது, மைக் அவனுடையது, இன்டர்நெட்டும் அவனுடையது. வாசிக்கப்போவது மட்டும் அன்புமொழி.

ஜஸ்டின் மைக்கை அவளுடைய சாக்ஸபோனுக்கு நேராகத் திருப்பிவைத்தான். அவள் வாசிப்பைக் கேட்கப்போவது ஆசிய நாட்டு இளசுகள் சேர்ந்து நடத்தும் ஒரு ஜாஸ் குழு. மணிலாவில் பியானோ, சியோலில் டிரம்ஸ், ஜகார்த்தாவில் பேஸ் கிடார். அவரவர் ஊரிலிருந்தே வாசித்து அனுப்பி ஒரே பாட்டாகக் கோப்பார்கள். சாக்ஸுக்கு ஓர் இடம் காலி என்று கண்டுபிடித்து அவளுக்கும் சொன்னவன் ஜஸ்டின்தான். இருவருமே பதிவு அனுப்பினார்கள். அவனுக்கு இரண்டு வரியில் நன்றி வந்தது. அவளுக்கு இன்று கடைசிச் சுற்று. தேறினால் குழுவோடு பினாங்கு மேடை.

"என்னடா ஜஸ்டினு, மாப்ளத் தோழன் கணக்கா ஓரமா நிக்கிற?" வாசற்படியில் உட்கார்ந்திருந்த டிரம்காரர் முனியசாமி சிரித்தார்.

"சும்மா இருங்கண்ணே, பேசுனா பதிவாயிரும்."

ஜெகதாப்பட்டினம் பேண்டு செட்டில் ஜஸ்டின் முதல் சாக்ஸ், அன்பு ரெண்டாவது. தேரோ சாவோ, பாட்டு நடுவில் அறுந்துவிடக் கூடாது என்பது செட்டின் சட்டம். முன்னால் வாசிப்பவர் மூச்சிழுக்கும் இடத்தில் பின்னால் வருபவர் அதே சுரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'ஜஸ்டினுக்கு என்னா மூச்சுப்பா!' என்று ஊர் வாய்பிளந்த நாலு வருஷமும் அதில் பாதி அவளுடைய மூச்சு. அது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். பியானோ வாசிக்கும் மணிலாக்காரி கேட்ட பதிவுகளில் அன்பு தனியாக இருந்தாள். அவனும் அவள் மூச்சு இல்லாமல் தனியாக இருந்தான்.

திரையில் மூன்று முகங்கள் வந்தன. முன்பே பதிவான பியானோவும் டிரம்ஸும் ஓட, அதன்மேல் அன்பு வாசித்தாள். கோயில் தெருவில் ஒருநாளும் கேட்காத வாசிப்பு. வளைத்தாள், இழுத்தாள், உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

நிறுத்தியேவிட்டாள்.

சாயங்காலம் அந்தோணியார் தேர் இருக்கிறதென்று சாக்குச் சொல்லி ஜஸ்டின் தன் சாக்ஸைக் கழுத்தில் மாட்டியே வந்திருந்தான். உதடு தானாகப் போய்ப் பொருந்தியது. அவள் விட்ட சுரத்தை எடுத்து ஊதினான்.

மணிலாக்காரி கையை உயர்த்தினாள். பாட்டு நின்றது. அங்கே இன்னொருவர் இருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அன்பு திரும்பினாள். "எதுக்குடா ஊதுன?"

"நீ மூச்சு வாங்குறேன்னு நெனச்சேன்."

"நாலு வருசமா எம்மூச்ச பக்கத்துல நின்னு கேக்குறவன். ஒனக்குத் தெரியாது?"

தெரியும். அது மூச்சுக்கான இடமில்லை; வேண்டுமென்றே விட்ட இடம். தெரிந்துதான் ஊதினானா, கை பழகிய தோஷமா? அவனுக்கே விளங்கவில்லை. முனியசாமி தலை குனிந்துகொண்டார்.

இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்று அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் என்றார்கள்.

"போடு," என்றாள் ஜஸ்டினிடம்.

அவன் பொத்தானை அழுத்தினான். பியானோ வந்தது, டிரம்ஸ் வந்தது. அவள் வளைத்தாள், இழுத்தாள், உச்சிக்குப் போனாள். நிறுத்தினாள். இந்த முறை கண்களை அவன்மேலேயே வைத்துக்கொண்டு, முன்னைவிட நீளமாக.

திரையில் மூன்று பேரும் முகத்தை முன்னால் நீட்டினார்கள். உதட்டில் சாக்ஸ் பொருந்தியிருக்க, ஜஸ்டினின் கன்னங்கள் இரண்டும் ஊதாத காற்றால் உப்பி நின்றன.