சிலா கேட்க வேண்டிய மன்னிப்பு

ஆணும் ஆணும் காதலிக்கும் தொடர்களை எடுத்தே வயிறு வளர்த்த அந்த பாங்காக் நிறுவனத்தில், ஓர் ஆணைக் காதலித்த குற்றத்துக்காக ஒரு நடிகன் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. மன்னிப்பை எழுதிக் கொடுக்கும் வேலை சுதின் தலையில் விழுந்தது.

சுதினுக்கு நாற்பத்து நான்கு வயது. பிரயாத் என்ற மனிதரோடு பதினேழு வருடக் குடித்தனம். இதுவரை எட்டுத் தொடர்கள் எழுதியிருக்கிறான். எட்டிலும் கதாநாயகன் மழையில் நனைந்தபடி, "எனக்கு ஆம்பளைங்களப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்" என்பான். ஏதோ காய்ச்சல் வந்து போகிற மாதிரி ஒரு காதல். ஒவ்வொரு முறையும் சுதின், "எனக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்கும்" என்றுதான் எழுதுவான். தயாரிப்பாளர் ரட்சனி அதைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்புவாள். அவனும் வாயை மூடிக்கொண்டு மாற்றிக் கொடுப்பான். சம்பளம் வாங்கும் நாளில் கண்ணாடி பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருக்கும்.

குற்றவாளி சிலா. அவனும் மாவினும் நிறுவனம் ஒட்டவைத்த ஜோடி. தொடர் முடிந்தாலும் ஜோடி முடியாது. கடைத் திறப்பு விழாவில் கைகோத்து நிற்க வேண்டும், ஒரே பிஸ்கட் குச்சியை இரண்டு முனையிலிருந்தும் கடிக்க வேண்டும். "நிஜமாவே லவ்வா?" என்று யாராவது கேட்டால் வெட்கப்பட்டுத் தலையைக் குனிய வேண்டும். ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. அந்த இழுபறியில்தான் முகக்கிரீம் விற்கிறது. மாவினுக்கு ஊரில் ஒரு பெண்ணோடு கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. சிலாவோ பல்செட் செய்யும் தேப் என்பவனோடு ஐந்து வருடமாக ஒரே அறையில் இருந்தான். படகு நூடுல்ஸ் கடையில் சிலாவின் உதட்டில் ஒட்டிய மிளகாயைத் தேப் துடைத்துவிட்டதை எவளோ படமெடுத்துப் போட்டுவிட்டாள். மாவினுக்குத் துரோகம் என்று ரசிகைகள் இரண்டு நாளாக ஒப்பாரி வைத்தார்கள். டிக்கெட் போட்டு நடத்தும் ரசிகர் சந்திப்பு மேடையில் சிலா மன்னிப்புக் கேட்பதென்று முடிவானது.

"அந்தத் தேப்பைச் சித்தப்பா மகன்னு எழுதிடு தம்பி, வம்பே இல்ல" என்றாள் ரட்சனி.

"இப்ப அவங்க கல்யாணமே பதிஞ்சுக்கலாம்னு சட்டம் வந்தாச்சுக்கா."

"சட்டமா வந்து டிக்கெட் வாங்கப் போகுது? பையன் பையனை லவ் பண்றதைத்தான் நாம விக்கிறோம். நிஜமாவே பண்ணித் தொலைச்சான்னா யாரு வாங்குவா?"

சுதின் எழுதினான். வெட்கம்கெட்டவன், நன்றாகவே எழுதினான். இரண்டு இடத்தில் கண்ணீர்கூட வரும்.

ஒப்பனை அறையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து சிலா அதைப் படித்தான். மன்னிப்புக் கேட்பவர்கள் வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்பது ரட்சனியின் கட்டளை.

"தேப் எனக்குச் சித்தப்பா மகனாண்ணே?"

"நான் எழுதலைன்னா வேற எவனாச்சும் எழுதியிருப்பான்டா."

"நேத்து அவன் சோறே தின்னல. 'எத்தனை பேர் முன்னாடி வேணா மாவினைக் கட்டிப்பிடி, என்னை இல்லைன்னு மட்டும் சொல்லிடாதே'ன்னான்." சிலா தாளை மடித்துப் பையில் வைத்தான். "நான் சொல்ல மாட்டேண்ணே."

"வேலை போயிடும்."

"போய்த் தொலையட்டும்."

சுதினுக்கு அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதற்கும் தைரியம் வரவில்லை. எழுந்து போய் அரங்கின் கடைசி வரிசையில் நின்றுகொண்டான். பக்கத்தில் முகக்கவசமும் தொப்பியுமாகத் தேப் நின்றிருந்தான். டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருந்தான்.

சிலா கைகூப்பிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தான். அவன் குரல் நடுங்கியது.

"எனக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்கும். ஒருத்தரை ரொம்ப வருஷமா லவ் பண்றேன். அவரு இப்ப இந்த ஹால்லதான் இருக்காரு..."

அவ்வளவுதான், கூரை பிய்ந்துகொண்டு போனது. இரண்டாயிரம் தொண்டைகள் "மாவின்! மாவின்!" என்று அலறின. சிலாவின் குரல் நடுங்கினால் அணைத்துக்கொள்ள வேண்டும் என்று மாவினுக்கு மூன்று வருடப் பயிற்சி. பழக்க தோஷம், ஓடிவந்து கட்டிப்பிடித்துத் தோளில் தலை சாய்த்தான். எவனோ தொடரின் பாட்டைப் போட்டான், எவனோ மேலிருந்து காகிதப் பூக்களைக் கொட்டினான். "மாவின் இல்லைங்க, தேப்! அவரு பேரு தேப்!" என்று சிலா கத்தியது, அந்த வாயசைவையே கவனித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்குத்தான் புரிந்தது.

ரட்சனி கண்ணைத் துடைத்தபடி ஓடிவந்தாள். "நீ எழுதினதா தம்பி? பிச்சு உதறிட்டான்! அடுத்த தொடர்ல கடைசிக் காட்சிக்கு இதையே வச்சிடு. அந்த 'ஆம்பளைங்களத்தான்'கிறதை மட்டும் எடுத்துடு, என்ன?"

எட்டு முறை அவள் அடித்த வரியை ஒருவன் வாய்விட்டே சொல்லியாயிற்று. அது அவள் காதில் நடிப்பாகத்தான் விழுந்தது. சீ, என்ன பிழைப்பு என்று நினைத்தான் சுதின். தலையை மட்டும் ஆட்டினான்.

அவர்களுக்கு முந்தைய வரிசையில் நின்ற பெண் ஒருத்தி அழுதுகொண்டே திரும்பி, சிலாவும் மாவினும் கன்னம் ஒட்டிச் சிரிக்கும் அட்டை விசிறி ஒன்றைத் தேப்பின் கையில் திணித்தாள்.

"சும்மா நிக்கிறீங்களேண்ணே! நிஜ லவ்வுன்னு நான் அப்பவே சொன்னேன். தூக்கிப் பிடிங்க!"

தேப் தூக்கிப் பிடித்தான். மேடையில் மாவினின் பிடிக்குள் நின்றபடி சிலா கடைசி வரிசையில் அவனைத் தேடினான். தேடிய முகத்தை மாவினின் அட்டை முகம் மறைத்துக்கொண்டிருந்தது.