நூற்று எண்பத்தொரு நாள்

மார்ச் மாதம் வந்துவிட்டால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில் இருபத்தாறு வருடமாக அடுத்தவர்களின் வருமான வரிக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிறேன். வருடம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள் மார்ச்சில் மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, "டொரத்தி ஆன்டி, கொஞ்சம் சீக்கிரம் லா" என்பார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

குருவும் அப்படியொரு மார்ச் மாதச் சனிக்கிழமைதான் வந்தான். புதுக்கோட்டைக்காரன், முப்பது வயதிருக்கும். ஷா ஆலத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். கிள்ளானில் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் இருந்தான். உட்காருவதற்கு முன்பே ஒரு துணிப்பையை என் மேசைமேல் கவிழ்த்தான். அத்தனையும் ரசீது.

"என்ன தம்பி இது?"

"இந்த ஊருக்கு வர்றதுக்கு ஆன செலவு மேடம். கம்பெனி டிக்கெட் மட்டும்தான் குடுத்துச்சு. மத்ததெல்லாம் என் கைக்காசு. வரியில கழிச்சுக்கலாம்னு ஃப்ரெண்டு சொன்னான்."

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அறைக்கு முன்பணம், போலீஸ் சான்றிதழ், மெத்தை. விமானத்தில் அதிகப்படி எடை பதினோரு கிலோவுக்குக் கட்டிய காசு.

"பதினோரு கிலோ அப்படி என்ன கொண்டு வந்தீங்க?"

"கிரைண்டர் மேடம்."

கிரைண்டர்! கிள்ளானில் தெருவுக்குத் தெரு கிரைண்டர் விற்கிறார்கள். அதற்கடியில் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்த ரசீது இருந்தது.

"பிள்ளையாரையுமா கழிக்கணும்?"

"பயணத்துக்காகத்தானே மேடம் உடைச்சோம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அதட்டினேன். "வேலைக்கு வந்து சேர்ற செலவு வேற, வேலையச் செய்யற செலவு வேற. நீங்க கையிலேருந்து போட்டு ஊர் மாறி வந்ததுக்கெல்லாம் இங்க கழிவு கிடையாது. அள்ளிப் பையில போடுங்க."

அவன் முகம் சுருங்கிப்போனது. சம்பளச் சீட்டுகளை நீட்டினான். ஆறாயிரம் வெள்ளிச் சம்பளத்தில் மாதாமாதம் ஆயிரத்து எண்ணூறு வெட்டியிருந்தார்கள். புதிதாக வந்த வெளிநாட்டுக்காரனுக்கு நூற்றுக்கு முப்பது. போன வருடம் ஆறு மாதத்துக்குப் பத்தாயிரத்து எண்ணூறு போயிருந்தது.

"என் வைஃப் லோகேஸ்வரி ஊர்ல இருக்கா மேடம். ஒன்பது மாசம். இந்த மாசக் கடைசியில பிரசவம். இந்தப் பணம் திரும்பி வந்தாத்தான் தனி வீடு புடிச்சு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர முடியும். இல்லைன்னா இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

அவன் குரல் அந்த இடத்தில் இறங்கியது. எனக்கும் மனசு இளகிவிட்டது.

"ஏன் இப்படி இடிஞ்சு போறீங்க? ஒரு வருஷத்துல நூத்து எண்பத்திரண்டு நாள் இந்த நாட்டுல இருந்தா நீங்களும் உள்ளூர்க்காரர் மாதிரிதான். உங்க சம்பளத்துக்கு வரியே வராது. புடிச்சது மொத்தமும் திரும்பி வந்துரும். பாஸ்போர்ட்டைக் குடுங்க."

முத்திரை ஜூலை நான்கு. நாள்காட்டியை எடுத்து டிசம்பர் முப்பத்தொன்று வரை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். நூற்று எண்பத்தொன்று.

"ஒரு நாள் குறையுது தம்பி."

"எப்படி மேடம்? நான் மூணாம் தேதியே வந்துட்டேனே!" போர்டிங் பாஸை எடுத்து வைத்தான். ஜூலை மூன்று. இரவு பத்து ஐம்பதுக்கு விமானம் இறங்கிவிட்டது.

"அப்புறம் ஏன் நாலாம் தேதி முத்திரை?"

அவன் தலையைச் சொறிந்தான். காது மடல் சிவந்தது. இரண்டு முறை அதட்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"சந்திராஷ்டமம் மேடம்."

"என்னது?"

"என் ராசிக்கு அன்னிக்கு சந்திராஷ்டமம். பன்னெண்டேகாலுக்குத்தான் முடியுது. அது முடியறதுக்குள்ள புது நாட்டுல நுழையாதீங்கன்னு லோகு சொல்லிவிட்டா. அதான் இமிக்ரேஷன் கவுன்டருக்கு முன்னாடி ஒரு நாற்காலியில உக்காந்துட்டேன்."

"ஐயோ மாதாவே! ஒன்றரை மணி நேரமா?"

"ஒரு ஆபீசர் வந்து உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு. தண்ணி கூடக் குடுத்தாரு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தேன். மூன்றாம் தேதி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது முத்திரை குத்தியிருந்தாலும் அது ஒரு முழு நாள் கணக்கு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் நேரில் பார்த்தேன். அவனைச் சொல்ல எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை. புதுக் கார் எடுத்தபோது ஃபாதர் வந்து மந்திரித்த தண்ணீர் தெளிக்கும்வரை சாவியைத் தொடாதவள் நான்.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. "லோகுவுக்குத் தெரிய வேணாம் மேடம். தன்னாலதான்னு நினைச்சு உடைஞ்சு போயிடுவா."

"பொறுங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகட்டும். வழி இருக்கு." காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினேன். இந்த வருடம் ஜனவரி முதல் தேதியிலிருந்து நூற்று எண்பத்திரண்டு நாள் தொடர்ந்து இங்கே இருந்துவிட்டால், போன வருடத்து வாலும் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஜூலை ஒன்று வரை தாக்குப்பிடித்தால் போதும். நடுவே ஊருக்குப் போகலாம். ஆனால் எல்லாம் சேர்த்துப் பதினான்கு நாளுக்கு மேல் கூடாது.

"பொங்கலுக்குப் பத்து நாள் போயிட்டு வந்துட்டேனே மேடம்!"

ஆக, மிச்சம் நான்கு நாள். பிரசவத்துக்கு மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்திருந்தான் பாவம். தலையில் கை வைத்துக்கொண்டான். சொல்லி வைத்தாற்போல அந்த நேரம் பார்த்து லோகேஸ்வரியே போன் செய்தாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றேன்.

ஸ்பீக்கரில் போட்டு அவனே சொன்னான். நாற்காலி, முத்திரை, பத்தாயிரத்து எண்ணூறு, நான்கு நாள், எல்லாவற்றையும்.

"ஒரே ஒரு நாளா?" என்றாள்.

"ஒரே ஒரு நாள்."

"ஏங்க, கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொன்னது எதையாவது கேட்டிருக்கீங்களா? இதை மட்டும் ஏன் கேட்டுத் தொலைச்சீங்க?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையானது, பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தெளிவாகப் பேசினாள். "நாலு நாள் போதும். வந்து பிள்ளையைப் பார்த்துட்டு ஓடிப் போயிடுங்க. எங்கம்மா இருக்காங்க, நான் சமாளிச்சுக்குவேன். அந்தப் பணத்தை விட்டுடாதீங்க. எனக்கு ரெண்டு வருஷமெல்லாம் தனியா இருக்க முடியாது." எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

அந்த மாதக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. குரு அன்றே பறந்தான். நான்காவது நாள் காலையில் என் போனில் ஒரு படம் வந்தது. ஆசையாகத் திறந்தால், திரும்பி வந்ததற்குப் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரை!

உடனே கூப்பிட்டுக் கத்தினேன். "யோவ், பிள்ளை படத்தை அனுப்புய்யா!"

பதினேழு படம் அனுப்பினான். அன்றிலிருந்து நான் மேடம் இல்லை, அக்கா.

ஏப்ரலில் கொடுத்திருந்த கணக்கை ஜூலையில் திருத்திக் கொடுத்தோம். செப்டம்பரில் பணம் முழுசாக வந்தது. இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடி ஏறி வந்து, லட்டு டப்பாவை என் கீபோர்டு மேலேயே வைத்தான். நான் திட்டவில்லை. கிள்ளானில் வீடு பார்த்தான், விசா எடுத்தான். நவம்பரில் அவர்கள் வந்திறங்கும் நாளில் என் காரிலேயே விமான நிலையத்துக்குப் போனோம். வழியெல்லாம் கையைப் பிசைந்துகொண்டே வந்தான்.

"பிள்ளை நாலு நாள்தான்க்கா என்கிட்ட இருந்தா. அப்புறம் எல்லாம் போன்லதான். என்னைத் தெரியுமா அவளுக்கு?"

"தெரியாம என்ன லா" என்றேன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

லோகேஸ்வரி தள்ளுவண்டியில் மூன்று பெட்டியும் இடுப்பில் குழந்தையுமாக வெளியே வந்தாள். குரு கையை நீட்டினான். அவள் குழந்தையைக் கொடுத்ததுதான் தாமதம், அது அவன் முகத்தைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, வருகைக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு அழுதது. அவன் பதறிப்போய்க் குழந்தையைத் திருப்பி நீட்டினான்.

லோகேஸ்வரி வாங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அழட்டும், விடுங்க. பழகிக்குவா. இனிமே தினமும் பாக்கப் போற மூஞ்சிதானே" என்றாள்.